மேலூர்ல பார்க்க என்ன இருக்கு?

மதுரையில் குடியிருப்பவர்களுக்குக் கூடுதலாக ஒரு வேலை உண்டு. வெளியூரிலிருந்து வரும் சொந்தக்காரர்களுக்கு ஊரைச் சுற்றிக் காட்டுவது. எனக்கு அந்தப் பட்டியல் மனப்பாடம். காலையில் மீனாட்சியம்மன் கோயில், மதியம் திருமலை நாயக்கர் மகால், சாயங்காலம் ஜிகர்தண்டா. ஒரு நாள் கூடத் தங்கினால் திருப்பரங்குன்றம், அழகர்கோயில்.

"உங்க மாமியார் ஊரு மேலூர்தானே, அங்க பார்க்க என்ன இருக்கு?" என்று யாராவது கேட்டால், "ஒண்ணும் இல்லீங்க, பஸ் ஸ்டாண்டும் வயலும்தான்" என்று சொல்லிவிடுவேன்.

நான் பிறந்தது திருச்சி பக்கம். கல்யாணமாகி மதுரைக்கு வந்து 24 வருஷம் ஆகிறது. மதுரையிலிருந்து மேலூர் 30 கிலோமீட்டர்தான். பொங்கல், தீபாவளி, சித்திரைத் திருவிழா, காதுகுத்து, கருமாதி என்று இத்தனை வருஷத்தில் எத்தனை தடவை போயிருப்பேன் என்று கணக்கே இல்லை. போவோம், சாப்பிடுவோம், திண்ணையில் உட்கார்ந்து பேசுவோம், மாட்டுத்தாவணி பஸ் பிடித்துத் திரும்பிவிடுவோம். மேற்கே தெரியும் அழகர்மலையையும், அதற்கு முன்னால் வரிசையாக நிற்கும் மொட்டைப் பாறைகளையும் மாடியில் துணி காயப்போடும்போது பார்த்திருக்கிறேன். அவ்வளவுதான்.

2024 நவம்பரில் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழு திடீரென்று சூடானது. மேலூர் பக்கத்தில் சுமார் 5,000 ஏக்கரில் டங்ஸ்டன் சுரங்கம் தோண்ட மத்திய அரசு ஏலம் முடித்துவிட்டது என்ற செய்தி. பழைய குண்டு பல்புக்குள் இழையாக இருக்குமே, அந்த உலோகம். அந்த நிலத்துக்குள் அரிட்டாபட்டியும் வருகிறது என்றார்கள். 2022 நவம்பரில்தான் அரிட்டாபட்டியையும் பக்கத்து மீனாட்சிபுரத்தையும் சேர்த்து சுமார் 193 ஹெக்டேரைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்திருந்தது.

11-ம் வகுப்பு படிக்கும் என் மகன் போனிலிருந்து தலையைத் தூக்கி, "அம்மா, இது அப்பத்தா ஊருக்குப் பக்கத்துலதானே? 2,200 வருஷத்துக் கல்வெட்டு இருக்காமே. நீ போயிருக்கியா?" என்று கேட்டான்.

"இல்லடா" என்றேன்.

"அப்பா?"

பேப்பருக்குப் பின்னாலிருந்து, "சின்ன வயசுல பக்கத்துல போயிருக்கேன்" என்ற பதில் வந்தது. பக்கத்துல என்றால் போகவில்லை என்று அர்த்தம்.

அதற்கு மேல் அவன் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது எனக்கு.

அடுத்த இரண்டு மாதங்கள் மேலூர் பேச்சுதான். டிசம்பரில் சட்டமன்றத்தில் சுரங்கத்துக்கு எதிராகத் தீர்மானம் போட்டார்கள். 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியில் கிளம்பிய ஜனங்கள் நான்குவழிச் சாலை நிறைய மதுரை தல்லாகுளத்தை நோக்கி நடந்தார்கள். அந்தக் கூட்டத்தில் எங்கள் கொழுந்தனாரும் இருந்தார். அத்தை, அதாவது என் மாமியார், டிவி முன்னால் உட்கார்ந்து தெரிந்த முகம் வருகிறதா என்று தேடிக்கொண்டிருந்தாராம். ஜனவரி 23 அன்று மத்திய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது. மேலூரில் வெடி வெடித்து, இனிப்பு கொடுத்தார்கள்.

அன்று ராத்திரி என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "அது பறிபோறதுக்கு முன்னாடி போய்ப் பார்க்கணும்னு தோணல. பிழைச்சதுக்கு அப்புறமாவது போவோம்."

மாசி மாதம், வெயில் ஏறுவதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறு மணிக்குக் காரை எடுத்தோம்.

ஒத்தக்கடை தாண்டும்போது யானைமலை இடது பக்கம் படுத்திருந்தது. அதன் அடிவாரத்தில் இருக்கும் நரசிங்கப் பெருமாள் குடைவரையைப் பாண்டியன் நெடுஞ்சடையனின் அமைச்சர் மாறன் காரி கி.பி. 770-ல் குடைவித்தார் என்று மகன் போனைப் பார்த்து வாசித்தான். தினமும் பஸ் ஜன்னல் வழியாகப் பார்க்கும் மலை. "இதையும் பார்த்ததில்லையா?" என்று அவன் கேட்பதற்குள், "பிரதோஷத்துக்குப் போயிருக்கேன்டா" என்று முந்திக்கொண்டேன். ஒன்றாவது தேறியது.

மேலூரில் அத்தை வாசலிலேயே காத்திருந்தார். 74 வயது. இரண்டு முழங்காலும் வலி. கையில் புளிச்சோற்றுத் தூக்குச்சட்டி, மஞ்சப்பையில் தண்ணீர் பாட்டில்.

"மலைக்கெல்லாம் நீங்க போங்க. என்னயத் திருவாதவூர்ல சாமி கும்புட வச்சுக் கூட்டியாந்து விட்டாப் போதும். அங்கிட்டு என்ன இருக்குன்னு இம்புட்டு வெள்ளன கெளம்பி வந்திருக்கீக? பாறைதேன்."

"கல்வெட்டெல்லாம் இருக்காம் அத்தை."

"இருக்கும், இருக்கும்" என்றபடி முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

மேலூரிலிருந்து அரிட்டாபட்டிக்கு அரை மணி நேரம்கூட ஆகாது. ஊர் நெருங்க நெருங்க கண்மாய்கள் வரத் தொடங்கின. மாசியிலும் தண்ணீர் கிடந்தது. அரசின் அறிவிப்பில் சொல்லும் கணக்கு இது: 7 குன்றுகள், 72 ஏரிகள், 200 இயற்கைச் சுனைகள், 3 தடுப்பணைகள். மழை பாறையில் விழுந்து, சுனையில் தங்கி, கண்மாய்க்கு இறங்கி, வயலுக்குப் போகிறது. பாறையை எடுத்துவிட்டால் கண்மாய் வெறும் பள்ளம். ஊர்க்காரர்கள் ஏன் அப்படி நடந்தார்கள் என்பது எனக்கு அந்தக் கரையில் நின்றபோதுதான் விளங்கியது.

காரை நிறுத்தியதும் அத்தை கண்ணாடியை இறக்கி வெளியே பார்த்தார். அப்புறம் சாதாரணமாகச் சொன்னார்.

"இந்த மலையிலதான ஆடு மேய்ச்சோம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "யாரு அத்தை?"

"நாந்தேன். எங்க அம்மா ஊரு இந்த மலைக்கு அந்தப் பக்கந்தான? ஒம்போது, பத்து வயசுல நானும் எங்க அக்காளும் ஆட்டப் பத்திக்கிட்டு வந்துருவோம். பொழுது சாயத்தேன் வீட்டுக்குப் போறது."

என் வீட்டுக்காரர் தன் அம்மாவைப் பார்த்தார். அவருக்கும் இது புதுசு.

"இத்தனை வருஷமா சொல்லவே இல்லையே அத்தை?"

"யாரு கேட்டா?" என்றார். அதில் குத்தல் எதுவும் இல்லை. நிஜமாகவே யாரும் கேட்டதில்லை.

முதலில் குடைவரைச் சிவன் கோயிலுக்குப் போனோம். அதிகம் ஏற வேண்டியதில்லை என்பதால் அத்தையும் என் கையைப் பிடித்துக்கொண்டு பைய வந்தார். சுமார் 1,300 வருஷங்களுக்கு முன்னால் பாண்டியர் காலத்தில் ஒரே பாறையைக் குடைந்து செய்த சின்னக் கோயில். உள்ளே லிங்கமும் அதே பாறைதான். வெளியே ஒரு பக்கம் பிள்ளையார், இன்னொரு பக்கம் கையில் தடியோடு லகுலீசர். பாசுபத சைவத்தின் குருவான இவருக்குத் தமிழ்நாட்டில் சிற்பங்கள் மிகவும் குறைவு.

மகன் இதையெல்லாம் வாசித்துச் சொல்லிக்கொண்டிருந்தான். அத்தை லகுலீசர் முன்னால் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"கம்பு வச்சிருக்காருல்ல, நாங்க இவரைக் காவக்காரச் சாமின்னு கும்புடுவோம். ஆடு காணாமப் போனா இவருகிட்டதேன் வந்து சொல்றது."

"கிடைக்குமா அப்பத்தா?"

"பாதி தடவ கெடைக்கும். மீதிப் பாதி அடிதேன் கெடைக்கும்."

கல்வெட்டு இருக்கும் குகை கழிஞ்சமலையின் மேலே இருக்கிறது. அத்தையால் ஏற முடியாது. கோயில் நிழலில் அவரை உட்காரவைத்தேன். "நீ துணைக்கு இரு" என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு நானும் மகனும் கிளம்பினோம். கிளம்பும்போது அத்தை கூப்பிட்டுச் சொன்னார்.

"ஏத்தா, மேல பொடவுக்குள்ள போனா அண்ணாந்து பாரு. பாறை நெத்தியில நீளமாக் கோடு வெட்டியிருப்பாக. மழத் தண்ணி அந்தக் கோட்டோட சைடுல வடிஞ்சுரும், உள்ள ஒரு சொட்டு வராது. மழ வந்தா ஆட்டோட அதுக்குள்ளதேன் நாங்க ஒதுங்குறது."

வழியில் நிழல் கிடையாது. பாறை ஏழரை மணிக்கே சுட ஆரம்பித்திருந்தது. எனக்கு மூச்சு வாங்கியது. நடுவில் நின்று திரும்பிப் பார்த்தால், கீழே கண்மாய்கள் தட்டுத் தட்டாக வெள்ளி போலக் கிடந்தன. தலைக்கு மேலே ஒரு வல்லூறு சிறகசைக்காமல் வட்டம் போட்டது. இங்கே சுமார் 250 வகைப் பறவைகள் உண்டு என்கிறார்கள். தேவாங்கும் அலங்கும் மலைப்பாம்பும்கூட இருக்கின்றனவாம். பகலில் அவை நம் கண்ணில் படாது. மலைப்பாம்பு படாததில் எனக்கு வருத்தம் இல்லை.

வழியில் சமணத் தீர்த்தங்கரர் சிற்பம் ஒன்று பாறையில் இருக்கிறது. தலைக்கு மேல் முக்குடை, பக்கத்தில் சாமரம் வீசுபவர்கள். கீழே வட்டெழுத்து. அச்சணந்தி என்ற சமணத் துறவி இதைச் செய்வித்தார் என்று அதில் இருக்கிறது. சுமார் 1,100 வருஷம் முந்தையது. அதுவே பழசு என்று நினைத்துக்கொண்டு குகைக்குப் போனால், அங்கே அதற்கும் ஆயிரம் வருஷத்துக்கு மேல் மூத்த எழுத்து.

அண்ணாந்து பார்த்தேன். அத்தை சொன்ன கோடு இருந்தது. பாறையின் நெற்றியில், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை உளியால் வெட்டிய காடி. நம் வீட்டு ஜன்னலுக்கு மேலே சன்ஷேடு போடுகிறோமே, அதே வேலை. அதை ஒட்டித் தமிழி எழுத்துகள். தமிழ் பிராமி என்று பள்ளிக்கூடத்தில் படித்தது இதைத்தான். பார்த்தவுடன் கோலக் கோடுகள் மாதிரிதான் தெரிந்தது. ஒரு கூட்டல் குறி, ஒரு வளைவு, நடுவில் ஒரு புள்ளி. கூர்ந்து பார்த்தபோது ஒழுங்கு தெரிந்தது.

நெல்வேலியைச் சேர்ந்த வெளியன் என்பவர் இந்தக் குகையைக் கொடுத்தார் என்பது ஒரு கல்வெட்டின் சேதி. குகைக்கு அவர்கள் எழுதிய சொல் 'முழாகை'. முழை என்று நாம் இலக்கியத்தில் படிக்கும் அதே சொல்தான்.

சமணத் துறவிகள் ஓர் இடத்தில் தங்க மாட்டார்கள். நடந்துகொண்டே இருப்பார்கள். மழைக்காலம் நான்கு மாதம் மட்டும் நடக்காமல் ஓரிடத்தில் ஒதுங்குவார்கள். நடந்தால் ஈர மண்ணில் உள்ள சிறு உயிர்கள் மிதிபடும் என்பதால். அப்படி ஒதுங்க வருபவர்கள் நனையக்கூடாது என்று ஒருவர் ஆள் வைத்துப் பாறையை வெட்டிக் காடி எடுத்துக் கொடுத்திருக்கிறார். 2,000 வருஷம் கழித்து இரண்டு ஆட்டுக்காரச் சிறுமிகளும் அதே மழைக்கு அதே காடிக்குக் கீழே ஒதுங்கியிருக்கிறார்கள். அன்றைக்கும் ஒரு சொட்டு உள்ளே வரவில்லை.

மகன் அதற்குள் அவன் அப்பாவுக்கு வீடியோ கால் போட்டுவிட்டான்.

"அப்பத்தாகிட்ட குடுங்கப்பா. அப்பத்தா, இதுவா?"

திரையில் அத்தையின் முகம் மிக அருகே வந்தது. ஒரு கண்ணும் மூக்குத்தியும் மட்டும் தெரிந்தன. சத்தமே இல்லை. சிக்னல் போய்விட்டதோ என்று பார்த்தேன்.

"அந்த ஓரத்தக் காட்டு" என்றார். "இடது கைப் பக்கம். கீழ. அங்கதேன் எங்க அக்காளும் நானும் உக்காந்து சோளக் கருதத் திம்போம்."

பெரியம்மா, அதாவது அத்தையின் அக்கா, இறந்து ஆறு வருஷம் ஆகிறது.

"அந்த எழுத்து தெரியுமா அப்பத்தா?"

"எழுத்து இருக்குறது தெரியும். பஞ்சபாண்டவுக எழுதுனதுன்னு சொல்லுவாக. வாசிக்கத் தெரிஞ்சாத்தான? எனக்கு நம்ம எழுத்தே தெரியாது."

"இதுவும் நம்ம எழுத்துதான் அப்பத்தா. தமிழ்தான்."

அவன் சொன்னது சரி. பக்கத்து மீனாட்சிபுரம் மலையில் பாண்டியன் நெடுஞ்செழியன் பெயர் வரும் இதே போன்ற எழுத்துகளை 1882-ல் ராபர்ட் சீவெல் என்ற ஆங்கிலேயர் கண்டுபிடித்தார். அவற்றைத் தமிழென்று 1924-ல் கே.வி. சுப்பிரமணிய அய்யர் வாசித்துச் சொல்லும் வரை, இந்த எழுத்துகள் எந்த மொழி என்றே படித்தவர்களுக்கும் பிடிபடவில்லை. அதனால் அத்தை பஞ்சபாண்டவர்களைச் சொன்னதில் தப்பில்லை.

கல்யாணமாகி மேலூருக்கு வந்த பிறகு அத்தை இந்த மலைக்கு வந்ததே இல்லை. 57 வருஷம். "இங்கிட்டு வர என்ன சோலி?" என்பதுதான் அவர் சொன்ன காரணம். பக்கத்தில் இருப்பதாலேயே நாம் பார்க்காமல் விடும் இடங்களுக்கெல்லாம் அதே காரணம்தானே.

புளிச்சோற்றைக் கண்மாய்க் கரை மரத்தடியில் சாப்பிட்டோம். ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். குகைக்குப் போகும் வழியிலும் பாறையிலும் பெயிண்டாலும் ஆணியாலும் எழுதிய பெயர்களைப் பார்த்தேன். இதயத்துக்குள் அம்பு விட்ட ஜோடிப் பெயர்கள். கொடுத்தவர் பெயர் எழுதிய பாறையில், ஒன்றும் கொடுக்காதவர் பெயரும் ஏன் என்று அத்தை கேட்கவில்லை. நான்தான் மனதுக்குள் கேட்டுக்கொண்டேன்.

மதியம் மேலூர் வீட்டில் படுத்து எழுந்து, நாலு மணிக்குக் கீழவளவு கிளம்பினோம். மேலூரிலிருந்து திருப்பத்தூர் போகும் சாலையில் இருக்கிறது. காலையில் பார்த்தது முழு மலை. இந்தப் பக்கம் பார்த்தது வேறு.

சாலையோரம் வீடு அளவுக்குக் கற்கள் அடுக்கிக் கிடந்தன. சதுரமாக, கேக் வெட்டியது போல. ஒவ்வொன்றிலும் பெயிண்டில் எண். அதற்கு அப்பால் குன்று பாதியாக நின்றது. வெட்டிய பக்கம் செங்குத்தாக, வழுவழுப்பாக, வெளிச்சத்தில் கண் கூசியது. அடியில் ஆழமான பள்ளத்தில் பச்சைத் தண்ணீர். 2012-ல் அப்போதைய மாவட்ட ஆட்சியர் உ. சகாயம் இந்த வட்டாரத்தின் முறைகேடான குவாரிகள் பற்றி அரசுக்கு அறிக்கை அனுப்பியதும், 2014-ல் உயர் நீதிமன்றம் அவரையே விசாரிக்க நியமித்ததும் எல்லாரும் பேப்பரில் படித்தவை. நானும் படித்திருக்கிறேன். படித்துவிட்டு அதே பேப்பரில் வடை எண்ணெய் ஒற்றியிருப்பேன்.

ஒரு கல்லின் பக்கத்தில் போய் நின்றேன். வெள்ளையும் சாம்பலும் கலந்த நிறம். அதில் பொடிப்பொடியாக, மாதுளை விதை சிதறியது போலச் சிவப்புப் புள்ளிகள்.

எனக்கு நன்றாகத் தெரிந்த கல் அது. தினமும் காலை ஐந்தரை மணிக்கு நான் துடைப்பது. எங்கள் மதுரை வீட்டு அடுப்படி மேடை.

2011-ல் சமையலறையைப் புதுப்பித்தபோது கடைக்காரர் நாலைந்து மாதிரி காட்டினார். இது 'காஷ்மீர் ஒயிட்' என்றார். பெயரைக் கேட்டதுமே எனக்குப் பிடித்துவிட்டது. காஷ்மீரிலிருந்து லாரியில் வருகிறது என்றே இவ்வளவு நாளும் நம்பிக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வருகிறவர்களிடமும் அப்படியே சொல்லியிருக்கிறேன்.

டீக்கடையில் கேட்டேன். "பேருதேன் காஷ்மீர். எல்லாம் நம்ம பக்கத்துக் கல்லுதாங்க" என்று சிரித்தார்.

என் வீட்டுக்காரரிடம் அதைச் சொன்னபோது அவரும் அந்தப் புள்ளிகளைத் தொட்டுப் பார்த்தார். இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. எங்கள் மேடை முறையாக உரிமம் வாங்கி வெட்டிய கல்லாகவே இருக்கலாம். ஆனாலும் அது ஏதோ ஒரு குன்றின் துண்டு. அந்தக் குன்றுக்கு ஒரு பெயர் இருந்திருக்கும். அதிலும் யாராவது ஆடு மேய்த்திருப்பார்கள்.

அந்த வெட்டுகளுக்கு நடுவே பஞ்சபாண்டவர் மலை மட்டும் தன் பாறைகளோடு நிற்கிறது. பெரிய உருண்டைப் பாறை, அதன் அடியில் சமணர் படுக்கைகள். தலையணை மேடு வைத்து, வழவழவென்று செதுக்கியவை. மேலே பாறை முகத்தில் தீர்த்தங்கரர்கள். இங்கும் ஒரு தமிழிக் கல்வெட்டு உண்டு. தொண்டியைச் சேர்ந்தவர் கொடுத்தது. அவ்வளவு தூரத்துக் கடற்கரை ஊர்க்காரர் இங்கே வந்து படுக்கை வெட்டிக் கொடுத்திருக்கிறார். இதில் ஒரு வேடிக்கை, எழுத்துகள் சில தலைகீழாகவும் இடவலம் மாறியும் இருக்கின்றன. மகன் போனைத் திருப்பித் திருப்பிப் பிடித்து வாசிக்கப் பார்த்தான்.

"எழுதப் பழகுறவன் எழுதியிருப்பான். நீ ஒண்ணாப்புல அப்படித்தான எழுதுன?" என்றார் அத்தை.

கடைசியாகத் திருவாதவூர். மேலூருக்குத் தெற்கே, மாணிக்கவாசகர் பிறந்த ஊர். திருமறைநாதர் கோயிலுக்குள் நுழைந்ததும் அத்தையின் முழங்கால் வலி போன இடம் தெரியவில்லை. தீபாராதனை முடிந்து பிராகாரத்தில் உட்கார்ந்தோம். பேரனுக்குக் கதை சொன்னார். பாண்டிய ராஜா குதிரை வாங்கக் கொடுத்த பணத்தை மந்திரி வாதவூரர் திருப்பெருந்துறையில் கோயில் காரியத்துக்குச் செலவழித்ததும், சிவபெருமான் நரிகளைப் பரிகளாக்கியதும், ராத்திரியில் அவை மறுபடி நரிகளானதும், கோபம் வந்த ராஜா வாதவூரரை வைகை மணலில் சுடுவெயிலில் நிற்கவைத்ததும்.

சொல்லி முடித்துக் கொஞ்ச நேரம் கழித்து அத்தையே கேட்டார்.

"ராசா காச எடுத்துச் சாமிக்குச் செலவழிச்சவர வெயில்ல நிக்க வச்சாக. மலைய எடுத்தவுகள எங்க நிக்க வச்சாக?"

கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. என் வீட்டுக்காரர் விபூதியை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

இதைப் படிப்பவர்கள் போவதாக இருந்தால் சில விஷயங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து மாசி வரை நல்ல நேரம். பாறையில் ஏறுவதைக் காலை எட்டரைக்குள் முடித்துவிடுங்கள். வழுக்காத செருப்பு, ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், சாப்பாடு கையோடு. மலைப்பக்கம் கடை கிடையாது. கொண்டுபோன குப்பையைத் திரும்ப எடுத்து வாருங்கள். ஊருக்குள் யாரிடமாவது கேட்டுவிட்டுப் போங்கள். வழி மட்டும் இல்லாமல் கதையும் கிடைக்கும். ஒரே நாளில் அரிட்டாபட்டி, கீழவளவு, திருவாதவூர் மூன்றையும் பார்க்கலாம். இன்னொரு நாள் இருந்தால் அழகர்கோயிலைச் சேர்த்துக்கொண்டு, பதினெட்டாம்படிக் கருப்பைக் கும்பிட்டு, கோயில் தோசையும் வாங்கிக்கொண்டு வரலாம்.

எங்கள் வீட்டில் அந்தப் பயணத்துக்குப் பிறகு ஒரு மாற்றம் நடந்தது. மேலூர் வீட்டில் மேலே ஒரு அறை எடுக்கிறோம். தரைக்குக் கிரானைட் என்று முடிவாகி, அளவுகூட எடுத்தாயிற்று. திரும்பி வந்த மறுநாள் நான் வேண்டாம் என்றேன். ஆத்தங்குடிக் கல் போடலாம் என்றேன்.

"அதுக்கும் மணலும் சிமென்ட்டும் வேணும். அது மட்டும் எங்கிருந்து வருதாம்?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

உண்மைதான். ஒரு அறைத் தரையால் ஒரு மலை பிழைத்துவிடும் என்று நானும் நினைக்கவில்லை. ஆனால் அந்தச் சிவப்புப் புள்ளிகளை இன்னொரு இடத்திலும் துடைத்துக்கொண்டிருக்க எனக்கு மனசில்லை. இரண்டு நாள் பேசாமல் இருந்துவிட்டு, மூன்றாம் நாள் அவரே காரைக்குடிப் பக்கம் விலை விசாரித்துக்கொண்டு வந்தார்.

அடுப்படி மேடை அப்படியேதான் இருக்கிறது. அதைப் பெயர்த்து மலையில் ஒட்ட முடியாது. யாராவது "அழகா இருக்கே, என்ன கல்லு?" என்று கேட்டால் இப்போது காஷ்மீர் என்று சொல்வதில்லை. "மேலூர்க் கல்லு" என்கிறேன்.

அரையாண்டு லீவுக்குத் திருச்சியிலிருந்து என் தங்கை குடும்பத்தோடு வருகிறாள். போனில், "மதுரையிலதான் எல்லாம் பார்த்தாச்சே அக்கா, இந்தத் தடவை எங்க போறது?" என்றாள். காலை ஆறு மணிக்குக் கிளம்பத் தயாராக இருக்கச் சொல்லியிருக்கிறேன்.

அத்தைக்கும் சேதி போய்விட்டது. இந்தத் தடவை கீழே உட்கார மாட்டாராம். பாதி மலையாவது ஏறியே தீருவாராம். முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு இப்போதிருந்தே மாடிப்படி ஏறி இறங்குகிறார் என்று கொழுந்தனார் சொல்கிறார்.